முப்பத்தெட்டு வயதில் முதலாம் ஆண்டு

பதினான்கு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். தேனியிலிருந்து கம்பம் வரை என் எல்லை. மருந்துக் கம்பெனியின் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசல்களில் நோயாளிகளோடு நிற்பேன். கடைசி ஆள் போன பிறகு உள்ளே கூப்பிடுவார்கள். டாக்டர் செல்போனைப் பார்த்தபடியே நான் சொல்வதைக் கேட்பார், அல்லது கேட்க மாட்டார். ஒரு டாக்டரின் மகள் கல்யாணத்துக்கு எங்கள் கம்பெனி ஃபிரிட்ஜ் கொடுத்தது. அது வீட்டுக்குள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் மனைவி கைகாட்ட, நான்தான் நகர்த்தி வைத்தேன். அந்த டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லூரியை விட்ட பிறகு ஒரு புத்தகத்தையும் தொடாதவர்கள். புது மருந்தைப் பற்றி நான் ஒப்பித்ததுதான் அவர்களுக்குப் படிப்பு.

ஒருநாள் உத்தமபாளையத்தில் ஒரு கிளினிக் வாசலில் காத்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த ஒருவர் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"சார், இந்த டானிக் எதுக்குன்னு சொல்லுவீகளா? டாக்டரு ஒண்ணும் சொல்லல."

எங்கள் கம்பெனி டானிக். அவருடைய நடுக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

"காமயகவுண்டன்பட்டியில திராட்சத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறேன்."

"அத டாக்டர்ட்ட சொன்னீகளா?"

"அவுக கேக்கவே இல்லையே."

உள்ளே போய், பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கலாம் என்றேன். டாக்டர் அன்றுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எந்தக் காலேஜ்ல எம்பிபிஎஸ் படிச்ச?"

கம்பவுண்டர் சிரித்தார். நான் சாம்பிள்களை மேஜைமேல் அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதரை உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். டானிக்கை வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அது என் அந்த மாத விற்பனையில் சேரும்.

அந்த வாரமே நீட் புத்தகங்களை வாங்கினேன். என் மனைவி ராயப்பன்பட்டியில் பள்ளி ஆசிரியை.

"அந்தாளு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்கா அஞ்சர வருசம் படிக்கப் போறீக?" என்றாள்.

"ஆமா."

"சரி. கோவத்துலயாச்சும் ஒழுங்காப் படிங்க."

முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேலையை விடும்போது அந்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "உனக்கெதுக்குப்பா வேண்டாத வேலை? பேசாம ஏரியா மேனேஜராகுற வழியப் பாரு" என்றார். வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

கல்லூரியில் என்னோடு உட்கார்ந்தவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். என்னை அங்கிள் என்றார்கள். கோச்சிங் சென்டரிலேயே வளர்ந்தவர்கள். சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாதவர்கள். இவர்களும் நாளைக்கு ஃபிரிட்ஜ் வாங்கத்தான் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் அனாடமி தேர்வில் அவர்கள் தேறினார்கள். நான் தோற்றேன். கையில் ஓடும் நரம்புகளின் பெயர்கள் என் தலையில் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் தன் நோட்டை நீட்டினாள்.

"இத வச்சுக்கங்க அங்கிள். எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

எரிச்சலோடுதான் வாங்கினேன். அதைப் படித்துத்தான் அடுத்த தேர்வில் தேறினேன். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது இறுதி ஆண்டு. எங்கள் பேராசிரியர் என்னைவிட நான்கு வயது இளையவர். போன மாதம் வார்டில் ஒரு சர்க்கரை நோயாளி அம்மாவிடம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற என் நரைமுடியைப் பார்த்தார்.

"பெரிய டாக்டரய்யா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. மாத்திரைய விட்டு மூணு மாசமாச்சு."

மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். பேராசிரியர் அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போகும் வழியில் என்னிடம், "நாளைலேருந்து தலைக்கு டை அடிச்சுட்டு வாங்க. பேஷண்ட்ஸ் குழம்புறாங்க" என்றார்.

நான் அந்த அம்மாவிடம் திரும்பிப் போய் மாத்திரையை ஏன் விட்டார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். சாயங்காலம் கடைக்குப் போய் டையும் வாங்கினேன். இன்டர்னல் மார்க் போடுகிறவர் அவர்தான்.