கடலைக் காட்டில் கிடைத்த பொத்தான்

இந்தப் பித்தளைப் பொத்தான் முதன்முதலில் யாருடைய நெஞ்சின்மேல் இருந்தது? சிறுவயதிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை விடை தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக்குச் சற்றே ரத்தத்தைப் போன்ற ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறும்போதெல்லாம், அவிநாசிக்குத் தெற்கே எங்களுக்கிருந்த கடலைக் காடும் பாவாத்தாள் அத்தையின் விரல்களும் நினைவுக்கு வருகின்றன.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளைக் கட்டிய மாமா, பதினான்காம் வருஷத்துச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினாராம். அவர் போய் இறங்கிய "பசுரா" என்ற ஊர்ப்பெயர் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிப்போயிற்று. சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். மாமா திரும்பவில்லை, இறந்ததாகவும் சேதி இல்லை. அத்தை தாலியோடும் குங்குமத்தோடும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நல்ல காரியங்களுக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று ஊராருக்கு ஒவ்வொரு முறையும் குழப்பம். என் அம்மா அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்ததால், எனக்குத் தலை வாரிவிட்டதும், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு வாதாடியதும் அத்தைதான். நான் இன்று நாலு வரி எழுதுகிறேன் என்றால் அது அவள் புண்ணியம்.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. கடலை பறித்து முடிந்த காட்டில், மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைப் பிள்ளைகள் கிளறிப் பொறுக்குவோம், கிடைத்தது கிடைத்தவர்களுக்கு. கிணற்று மேட்டோரம் நான் காய் என்று எடுத்துக் கடித்தது பல்லை உடைக்கப் பார்த்தது. துப்பிப் பார்த்தால் பச்சைக் களிம்பேறிய ஒரு பொத்தான். பாவாடையால் துடைத்தபோது அதில் ஒரு கிரீடம் தெரிந்தது.

"பட்டாளத்துப் பித்தானாட்டம் இருக்குது," என்றாள் கூலிக்கு வந்திருந்த ராமாத்தாள். அதோடு நிறுத்தினாளா? "ஏனுங்க பாவாத்தா, உங்கூட்டுக்காரரு காடு வரைக்கும் வந்து எட்டிப் பாத்துப்போட்டு, கடலை பறிக்கச் சொல்லுவாங்கன்னு ஓடிப் போயிட்டாராக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேலி அவளுக்குள் வேர் விட்டுவிட்டது. அன்று சோறு போடும்போது அப்பாவிடம் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, வெயில்ல கெடந்து கறுத்துப்போன என்னையத் தூரத்துல இருந்தே பாத்துட்டு, வேண்டாம்னு திரும்பிப் போயிருப்பாருங்களா?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

மறு சந்தை நாளில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவிநாசி போனார். அங்கே சோடாக்கடை வைத்திருந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டாளத்துப் பித்தானேதானுங்க. ஆனா இதே மாதிரி லச்சம் பித்தான் இருக்குதுங்க. பேரா போட்டிருக்குது?" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். அத்தையின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மார்கழி முழுதும் அந்தப் பொத்தானை முந்தானையில் முடிந்துகொண்டு, பேருக்குத்தான் சாப்பிட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில், மாடுகளின் கழுத்துப் பட்டைகளை அட்டத்துப் பரணிலிருந்து இறக்கி, அத்தையும் நானும் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தோம். காரிக்காளையின் பட்டையில் சலங்கைகளுக்கு நடுவே பித்தளைப் பொத்தான்கள் வரிசையாகத் தைத்திருந்தன. போன பொங்கலுக்கு அது புதுப் பட்டை. தேய்க்க வேண்டியிராததால் அப்பாவே கட்டிவிட்டிருந்தார், நாங்கள் கவனித்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் வரிசையில் ஓர் இடம் காலி. அறுந்த நூல் மட்டும் தொங்கியது. அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை அங்கே வைத்தாள். கிரீடத்துக்குப் பக்கத்தில் கிரீடம் பொருந்திற்று.

"அண்ணா, இங்க வாங்க!"

அப்பா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அட, அந்தியூர்ச் சந்தையில வாங்குன பட்டையாச்சே! பழைய பட்டாளத்துச் சட்டையப் பிரிச்சுத் தெச்சதுன்னு விக்கறவன் அன்னைக்கே சொன்னான். மறந்தே போச்சுது அம்மணி. போன பொங்கலுக்குக் காரி மெரண்டு கெணத்து மேட்டுல ஓடுனானே, அப்ப அறுந்திருக்கும்."

அத்தை அழுவாள் என்று நான் பயந்தேன். அவளோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அப்ப அவரு வந்துட்டுத் திரும்பிப் போகலீங்கண்ணா. வரவே இல்லீங்க." பிறகு காளையின் நெற்றியைத் தட்டி, "நீதானாடா அந்தப் பட்டாளத்துக்காரன்!" என்றாள். அன்று இரண்டாம் முறையும் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். பொத்தானை மீண்டும் தைக்கப் போன அப்பாவைத் தடுத்து, "இருக்கட்டுங்க. இதைப் போட்டிருந்தவருக்கும் ஒரு ஊட்டுல ஆராச்சும் காத்துட்டு இருப்பாங்க," என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் கிணற்றில் கரண்டு மோட்டார் ஓடுகிறது. காரி இல்லை, அந்தப் பட்டை என்ன ஆயிற்றென்று அப்பாவுக்கே தெரியவில்லை. கடலைக் காட்டில் பாதி கைமாறிவிட்டது. நான் கணபதி என்கிற ஊரில் குடித்தனம் செய்கிறேன். போன மாதம் என் மகனைப் பார்க்க வந்த அத்தை, பொத்தானை என் கையில் வைத்து, "கண்ணு, இதப் பையன் அரணாக்கவுத்துல கோத்துக் கட்டு. மண்ணுல கெடந்தும் கெடாத பொருளு, அவனுக்கும் ஒண்ணும் வராது," என்றாள்.

கட்டலாம் என்றுதான் நூலை எடுத்தேன். ஆனால் பல் முளைக்கும் பிள்ளை; எதையும் வாயில் போடுகிறான். அதுவும் போகட்டும், அவிழாதபடி முடிச்சுப் போடலாம். மறுபடியும் சண்டை வரும் என்று பத்திரிகைகள் எழுதும் இந்த நாளில், திரும்பினாரோ இல்லையோ தெரியாத ஒருவரின் பட்டாளத்துப் பொத்தானை ஆண்பிள்ளையின் இடுப்பில் கட்டலாமா? என் கணவர் சிரிக்கிறார். நான் வீணாகத்தான் பயப்படுகிறேனோ என்னவோ. கட்டாமல் விட்டாலோ, எனக்கு எழுத்து வாங்கிக் கொடுத்தவள் தன்னிடமிருந்த ஒரே பொருளைக் கொடுத்து நான் மறுத்ததாக ஆகும். இதை வாசிக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களே, நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அத்தை வருகிறாள். வந்ததும் குழந்தையைத் தூக்கி, முதலில் அவன் இடுப்பைத்தான் பார்ப்பாள்.