கண்ட்ரோல் அக்கா

"ஏன் ஒரே கண்ணாடியில ரெண்டு துண்டு இருக்கு?" என்று கேட்டேன்.

கண்ணாடிச் சில்லை விளக்குக்கு நேரே பிடித்திருந்தவர் திரும்பவில்லை. "கீழ இருக்கறது குழந்தையோட குடல். பொறந்ததுலேர்ந்து வெளிக்கே போகல, பாவம். மேல இருக்கறது நான்."

"நீங்களா?"

"என் குடல்வால்மா. பயப்படாதே, கடிக்காது."

அந்த மருத்துவமனையில் பரிசோதனை முடிவுகளைப் பெற்றோருக்குப் புரியும்படி இரண்டு மொழிகளில் எழுதிக்கொடுப்பது என் வேலை. அவர் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுபவர். எழுதுமுன் விஷயம் தெரிய வேண்டுமே என்று முதல்முறை போனேன். பிறகு காரணமில்லாமலும் போனேன்.

கால்சியத்தைக் கவ்விப்பிடிக்கும் புரதங்களைப் பற்றி அவர் ஒரு குடும்பம் போலவே பேசுவார். "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, உத்தியோகம்தான் வேற வேற. ட்ரோபோனின் இதயத்துல இருக்கான். கால்சியம் வந்து கையப் புடிச்சாத்தான் தசையைச் சுருங்க விடுவான். கால்பின்டின் கிட்னியில கால்சியம் சுமக்கற ஆளு. கால்மாடுலின் இருக்கானே, அவன் அழையா விருந்தாளி. எந்த வீட்டுக்குப் போனாலும் இருப்பான்."

செல்லப்பிள்ளை கால்ரெட்டினின். அவன் இருப்பது குடல் நரம்புகளில். சாயம் ஏற்றினால் அந்த இடம் பழுப்பாகத் தெரியும். குழந்தையின் துண்டில் பழுப்பே இல்லையென்றால் அங்கே நரம்பு இல்லையோ என்று சந்தேகம். அறுவை வரை போகும். ஒருவேளை சாயமே வேலை செய்யவில்லை என்றால்? அதற்காகத்தான் நல்ல குடல் ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். இங்கே அந்த நல்ல குடல் அவருடையது என்பதால் அவருக்கும் அதே பெயர்.

முன்பு ஒருமுறை வயிற்றுவலி என்று போன அக்காவுக்குக் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். "வெட்டிப் பாத்தா அது சமத்தா இருக்கு. வலி கிட்னிக் கல்லால வந்திருக்கு. மாமியார் பால பொங்கவிட்டுட்டு மருமகள வெரட்டின கதை!" குப்பைக்குப் போவானேன் என்று பெரிய டாக்டரிடம் சம்மதம் சொல்லி, சோதனைக்காக மெழுகுக் கட்டியில் பதித்திருந்த அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கத்தி மெழுகைச் சீவும்போது மூச்சை அடக்குவார். வெந்நீரில் மிதக்கும் சீவலைத் தூரிகையால் தொட்டு, "வாடி, வேலை இருக்கு" என்பார்.

ஒருநாள் மழைக்கு அவர் வீட்டில் ஒதுங்கினேன். இரண்டாவது நாற்காலியில் மடித்த துணிகள் இருந்தன. எனக்காக அவற்றை எடுத்தவருக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மழை விடும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார். வீட்டின் மாற்றுச் சாவியும் அவருடைய கொத்திலேயே தொங்கியது.

இந்த ஆண்டு கல் மறுபடி வந்தது. கழுத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்று வீங்கி, எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்தாக வேண்டும்; கூட ஓர் ஆள் வரவேண்டும் என்றார் சர்ஜன். அக்கா இரண்டு முறை தள்ளிப்போட்டார். கேட்டவர்களிடம், "எங்கண்ணன் வர்றார்ல, அவருக்கு லீவு கிடைக்கட்டும்" என்றார்.

அண்ணனிடம் அவர் போனில் பேசியதைத் தாழ்வாரத்தில் நானே கேட்டேன். "சின்ன ஆப்பரேஷன்தாண்ணா. நீ எதுக்கு அலையற? இங்கதான் ஊர்ப்பட்ட ஜனம் இருக்கே." அண்ணன் நம்பிவிட்டார் போலும். அடுத்து இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

இனித் தள்ளினால் எலும்பு தாங்காது என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொன்னார். அன்று மாலை அக்கா முதல்முறையாக என் அறைக்கு வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"உனக்கு அவ்வளவாப் பேச வராதுல்ல?"

"வராதுக்கா."

"நல்லதாப் போச்சு. ஆறுதல் சொல்றவங்க எனக்கு ஆகாது." கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை நான் கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல உக்காந்திரு. வேணும்னா புத்தகம் எடுத்துட்டு வந்து படி. நான் பாக்கறப்ப மட்டும் கொஞ்சம் தலையத் தூக்கு."