எதிர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட்

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையை ரொம்ப நாள் கழித்து ஆன் செய்தால் ஒரு வாசனை வரும். உள்ளே படிந்த தூசி சூடாகிற வாசனை... நிறைய பேருக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். எனக்கு உயிர்.

பெருங்களத்தூரில் நாங்கள் அப்போது குடியிருந்த அப்பார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் அந்த வாசனை முதலில் வந்தது எங்கள் வீட்டிலிருந்து இல்லை. எதிர் வீட்டிலிருந்து. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

எதிர் வீட்டில் ரஃபீக். என் வயசுதான். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்களுக்கு எலெக்ட்ரிகல் கடை. சுவிட்ச், ஒயர், ஃபேன் விற்கிறவன். நானோ நாவலூரில் ஐடி கம்பெனி, கழுத்தில் டேக். எங்கள் இரண்டு பேரில் யார் வீட்டில் முதலில் சர்வர் ஓடியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டிய சிபியூ. ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க். கேபினெட்கூடக் கிடையாது. போர்டை ஒரு பலகையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, வீட்டுக்குள் இருந்த செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் வைத்து, இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டான். மேலே, வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கிற படம், பாட்டு, போட்டோ எல்லாம். கீழ்த்தட்டில் செருப்பு.

கரண்ட் போனாலும் அது ஓடும். சாயங்காலம் ஆனால் என் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படம் பார்க்க அங்கே போய்விடுவார். பெற்ற பிள்ளை நான் இங்கே இருக்க...

"அவன் வீட்ல படம் நடுவுல நின்னு சுத்தாம ஓடுதுடா" என்று வேறு வந்து சொல்வார்.

விடுவேனா? நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெயின் ஏறி ரிச்சி தெருவுக்குப் போனேன். அவன் வாங்கியது போலவே தலா இரண்டு டெராபைட், அதாவது இரண்டு டிபி, கொள்கிற இரண்டு பழைய டிஸ்க். ஆனால் எனக்குக் கேபினெட் வேண்டும், நீல லைட் எரிகிற ஃபேன் வேண்டும். ஹாலில் பாதியை ஸ்க்ரூவும் ஒயருமாகப் பரப்பி வைத்து நான்கு மாதம் கட்டினேன்.

அந்த நான்கு மாதத்தில்தான் என் மகள் யாழினி நடக்க ஆரம்பித்தாள். என் மனைவி கவிதா அதைப் போனில் வீடியோ எடுத்தாள். வந்து பாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "சர்வர் ரெடியாகட்டும், டிவில பெருசா பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரெடியானதும் அவள் போனில் இருந்ததை எல்லாம் சர்வரில் ஏற்றி, போனைக் காலி செய்து கொடுத்தேன். வீடியோவை மட்டும் பார்க்கவில்லை.

ரஃபீக்கின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்குதான் இருக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும். அதனால் அவனுக்கு மொத்தமே இரண்டு டிபி. நான் என் இரண்டையும் ஒன்றாக இணைத்து நான்கு டிபி ஆக்கினேன். அவனைவிட டபுள். அந்த நம்பரைக் காட்டுவதற்காகவே அவனை டீ குடிக்கக் கூப்பிட்டேன்.

பார்த்தான். "ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா, மச்சான்?"

போகாது என்றேன். அவன் டீயை முடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். பொறாமைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு சந்தோஷம்!

அந்த ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. என் பெட்டிக்குள்ளிருந்து டக்... டக்... என்று சத்தம். ஒரு டிஸ்க் போனது. இணைத்து வைத்ததால் இன்னொன்றில் இருந்ததும் உதவாமல் போனது.

வீட்டில் மூச்சு விடவில்லை. யாழினியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. வருகிறவர்களுக்கு அந்த முதல் நடையை டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று கவிதா ஆசையாகச் சொல்லியிருந்தாள். நான்கு நாள் சமாளித்தேன். ஐந்தாம் நாள், எல்லாம் போய்விட்டது என்று சொன்னேன்.

அழுவாள், கத்துவாள் என்று பயந்தேன். அவளோ துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"எதிர் வீட்ல இருக்கு. ஷமீமா அக்கா கிட்ட மாசா மாசம் போனைக் கொடுத்துடுவேன். உங்க பெட்டி எப்ப பார்த்தாலும் ரெடியாயிட்டே இருந்துச்சு... குழந்தை வளராம நிக்குமா?"

ஷமீமா, ரஃபீக்கின் மனைவி. ஒரு வருஷத்துக்கு மேலாக என் மகள் எதிர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் வளர்ந்திருக்கிறாள். எனக்கு வந்தது நிம்மதியா, எரிச்சலா? இரண்டும்தான். எரிச்சல் கொஞ்சம் கூட.

புது டிஸ்க்கோடு போய் நின்றேன். ரஃபீக் அதை வாங்கித் தன் போர்டில் மாட்டினான். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'யாழினி பாப்பா' என்று ஃபோல்டர், உள்ளே மாத வாரியாகப் பிரித்து வைத்திருந்தான். என்னிடம் அதன் பெயர் 'நியூ ஃபோல்டர் 4'.

அங்கேயே உட்கார்ந்து அந்த வீடியோவை முதல் தடவை பார்த்தேன். எங்கள் மாடி வராந்தா. எங்கள் வாசலிலிருந்து யாழினி தள்ளாடிக்கொண்டு நடக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்கிறது: "கவிதா, கதவைச் சாத்து. போர்டுல தூசி படியுது."

எதிர் வாசலில் ரஃபீக் குத்துக்காலிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது ரஃபீக் குடும்பம் கேளம்பாக்கத்தில். எங்கள் வீட்டில் சத்தமே போடாத ஒரு புதுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் நான்கு இடத்தில் நகல். தூசி வாசனை கிடையாது. யாழினி ஒன்பதாவது படிக்கிறாள், அவள் போனை என்னிடம் தரவே மாட்டாள்.

அந்த வீடியோவை மட்டும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். எண்ணியும் வைத்திருக்கிறேன்... மொத்தம் ஒன்பது அடி. ஒன்பதும் அவனைப் பார்த்துத்தான் நடக்கிறாள்.

இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.