மூன்றாவது பல்

லொரீன் ஹாஸ்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடுமுறை கிடைத்தால் வெனிஸ் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்று, நீளக் கம்பில் கட்டிய சல்லடைக் கூடையால் மணலை அள்ளி, கல்லாகிக் கறுத்த சுறாப்பற்களைப் பொறுக்குவாள். புளோரிடாவின் இந்த ஊரில் அதற்காக யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரே அதைத்தான் செய்கிறது.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. வெள்ளைச் சுறாவின் மேல்தாடையை, தானே எடுத்த பற்களால், கண்ணாடிச் சட்டத்துக்குள் முழுசாக அமைக்க வேண்டும். முழுத் தாடைக்குத்தான் ஊரின் சுறாப்பல் சங்கம் வருஷம்தோறும் நடத்தும் கண்காட்சியில் நடுமேசை. ஓட்டை இருந்தால் வாசலோரம், குளிர்பானப் பெட்டி பக்கத்தில்.

அவள் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். நடுவிலிருந்து மூன்றாவது இடம், இருபுறமும். கறுப்பு வெல்வெட்டில் மற்றப் பற்கள் வளைந்த ஊசிகளின் பிடியில் வரிசையாக நின்றன.

"என்ன லொரீன், உன் சுறாவுக்குப் பால்பல் விழுந்துடுச்சா?" என்றான் பர்ல் டிரஸ்க். நடுமேசை வருஷாவருஷம் அவனுடையது. "ரெண்டு பல்லு நான் தரேன், வெச்சுக்க."

"உன் பல்லை உன் வாயிலேயே வெச்சுக்க. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ!"

பொருத்தமான சின்னப் பற்கள் அவளிடம் இல்லாமல் இல்லை. இடப்பக்கம் சாய்ந்த பல்லை இடப்பக்கமும், வலப்பக்கம் சாய்ந்ததை வலப்பக்கமும் வைத்துப் பார்த்தாயிற்று. வேர் பக்கத்துப் பல்லோடு முட்டியது. வேறு ஏதோ மீனுடையது என்று இரண்டையும் ஒதுக்கிவிட்டாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள், இறால் வாங்க வில்மாவின் தூண்டில் கடைக்குப் போனாள். கல்லாவுக்கு மேலே பழைய வெள்ளைச் சுறாத் தாடை ஒன்று தொங்கியது. சில்லறைக்குக் காத்திருந்தவள் சும்மா அண்ணாந்து பார்த்தாள்.

எல்லாப் பற்களும் கடைவாய்ப் பக்கம் சாய்ந்திருந்தன. மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கமாக, நடுவைப் பார்த்து. இருபுறமும் அப்படியே.

"அடிப்பாவி!" என்று கத்தினாள்.

"யாரைடி சொல்ற?" என்றாள் வில்மா.

"என்னையத்தான்! பக்கம் மாத்தி வெச்சுட்டு, ரெண்டும் சேரலைன்னு தூக்கிப் போட்டேன்டி!"

இறாலை அங்கேயே மறந்துவிட்டு ஓடினாள். வீட்டில் ஒதுக்கிய டப்பாவைக் கொட்டி, அந்த இரண்டையும் தேடி எடுத்து இடம் மாற்றி வைத்தாள். வேர்கள் பக்கத்துப் பற்களோடு ஒட்டி உட்கார்ந்தன. கண்ணாடியைப் பூட்டினாள்.

மறுநாள் பர்ல் அவள் சட்டத்துக்கு முன்னால் குனிந்தான். முகம் மலர்ந்தது.

"ஐயோ பாவம்! ரெண்டு பல்லைத் திருப்பி வெச்சுட்டியே அம்மா!"

நடுவர் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னான். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, நிதானமாகப் பார்த்தார். "திருப்பி இல்லப்பா, சரியாத்தான் இருக்கு. வெள்ளைச் சுறாவுக்கு மூணாவது பல்லு நடுவைப் பார்த்துத்தான் சாயும்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக பர்லின் சட்டத்தை நோக்கித் திரும்பினார்கள். அதில் எல்லாப் பற்களும் ஒழுங்காக, மூன்றாவதையும் சேர்த்து ஒன்றுவிடாமல், கடைவாய்ப் பக்கமே சாய்ந்து நின்றன.

"கொஞ்சம் நகரு பர்ல்," என்றாள் லொரீன், தன் சட்டத்தை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு. "நடுமேசைக்கு வழி விடு."