துளியக்காவும் எலுமிச்சை வாசனையும்

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. எல்லோருக்கும் அவள் துளியக்கா. சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குக் குழாய் மூட்டுகள் செய்யும் இடம் அது. ஒவ்வொரு பிளாஸ்டிக் மூட்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. சொட்டு பரவினால் பசை ஒட்டும். உருண்டு நின்றால் ஒட்டாது, குப்பைதான்.

பரவ வைப்பது பிளாஸ்மா ஜெட். பேனா அளவு உலோகக் குழல். உள்ளே ஓடும் ஹீலியத்தை ரேடியோ அலைவரிசை மின்சாரம் ஊதா நிறத்தில் ஒளிர வைக்கும். வெளியே நீளும் சுடரில் விரலையே நீட்டலாம், வெதுவெதுப்புதான். ஆனால் அது பட்ட பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மாறிவிடும். வாயு குறைந்தால் மட்டும் அதற்குக் கோபம் வரும். பரந்த ஒளி ஒற்றை நூலாகச் சுருங்கி, பட்பட்டென்று வெடித்துப் பிளாஸ்டிக்கைப் பொசுக்கும்.

மூன்று மாதமாக ஹீலியம் உருளைகள் சரியாக வரவில்லை. சூப்பர்வைசர் வாயுவைக் குறைத்தார், மூட்டுகள் பொசுங்கின. மின்சாரத்தையும் குறைத்தார், பொசுங்கல் நின்றது. மிஞ்சியது பல்லிவால் அளவு சுடர், வேடிக்கை பார்க்க. "எரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். அதிசயமாகச் சொட்டுகளும் முன்னைவிட நன்றாகவே பரவின. துளியக்கா கண்ணை மூடிக்கொண்டு சோதனைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய சொந்த அக்கா வாரம் மூன்று நாள் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பவள். போன ஞாயிறு துணைக்குப் போனபோது, நர்ஸ் ஒவ்வொரு மூட்டிலும் டேப் சுற்றுவதைப் பார்த்தாள்.

"இது எதுக்குக்கா?"

"இப்ப வர்றதெல்லாம் கசியுதுடி. போன வாரம் போர்வையே நனைஞ்சு போச்சு. உங்க கம்பெனி சாமான் இல்லையே?"

டேப்பின் ஓரத்தில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே அவர்கள் பட்டறையின் முத்திரை.

"இல்லக்கா," என்றாள்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் சொட்டுப் புட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை வாசனை. கை கழுவும் தொட்டியில் இருக்கும் அதே சோப்பு. சோப்புத் தண்ணீர் எதன் மேல் விட்டாலும் பரவும், அதற்கு ஜெட் எதற்கு, துளியக்கா எதற்கு? மூன்று மாதமாக மூக்கை எங்கே அடகு வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். அவர் எதிரில் ஒரு மூட்டில் சொட்டு விட்டாள், பரவியது. அவர் திருப்தியாக எழுதப் போனார். அவள் பிரிக்காத பெட்டியைக் கிழித்து வேறொன்றை எடுத்து அதிலும் விட்டாள். அதுவும் பரவியது.

"இது ஜெட் பக்கமே போகாத மூட்டு சார். புட்டிய மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்த்தார். சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் பல்லைக் காட்டினார். ஆய்வாளர் பொறுமையாக மூடியைத் திருகி வைத்து, "சாப்பிட்டு வந்து பேசிக்கலாம்," என்றார். இருவரும் தொட்டியில் அந்தச் சோப்பையே பிதுக்கி, நுரை பொங்கக் கை கழுவிக்கொண்டு போனார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

போகிற போக்கில் சூப்பர்வைசர் திரும்பி, "இன்னைக்குக் கையெழுத்து பாக்கி இருக்கு. பெருசு பண்ணாம போட்டு வைம்மா," என்றார்.

பதிவேட்டில் பக்க எண் உண்டு, தாளைக் கிழிக்க முடியாது. 'சோதனை நீர்' என்ற கட்டத்தில் தினமும் அவள் எழுதுவது 'தூய நீர்'. இன்று 'சோப்புத் தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, மூன்று மாதத்தையும் வரி வரியாக அடித்துத் திருத்தினாள். கோணல் இல்லாத, மணிமணியான எழுத்து, அவளுடையதுதான். சூப்பர்வைசரின் பல்லைவிட அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசி வரி முடிந்ததும் செல்போனை எடுத்தாள்.

"அக்கா, அது எங்க கம்பெனி சாமான்தான். நான்தான் பாத்து அனுப்பினேன்."