மலை தெரியும் மாடி அறை

கோடை முழுக்க எங்கள் மதில்மேல் ஒரு மண்சட்டி இருந்தது. வாங்கி வைத்தவர் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் ஓனர். தினமும் தண்ணீர் ஊற்றியவன் நான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊற்றியவர் அவர்.

தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து குளிக்கும், சண்டை போடும், கத்தித் தீர்க்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் எனக்குக் காலைக் காபி.

நாலு மழை பெய்ததும் தோட்டத்தில் சத்தமே இல்லை. இன்று காலை அவரிடம் கேட்டேன்.

"பத்து நாளா குருவிங்களையே காணோமேங்க?"

"வெயில் கம்மியாயிடுச்சு இல்ல சார். தண்ணி எங்க வேணா கெடைக்குது, இங்க எதுக்கு வரப்போவுது?"

அவை அடைந்துகொண்டிருந்த வேப்பமரத்தைப் பத்து நாள் முன்புதான் அவர் வெட்டினார். அதையும் கேட்டேன்.

"மரம் மறைக்குது, மாடி ரூம்ல இருந்து மலை தெரியலனு கெஸ்ட்டுங்க சொல்றாங்க. மலைய பாக்கத்தானே சார் இவ்ளோ தூரம் வராங்க?"

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அவருடைய புது ஸ்டேட்டஸ். மே மாதம் எடுத்த படம்; அதே குருவிகள், அதே சட்டி. கீழே, "வாயில்லா ஜீவன்களை நேசிப்போம்."

குருவிகள் உங்கள் பக்கம் வந்திருந்தால் சொல்லுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன். உங்கள் பக்கத்து வீட்டில் பறவை நேசர் யாரும் இல்லையே?