ஸ்கீக்கு வைத்த பொட்டு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மெல்பேர்ணில் ஆடி மாதம் என்றால் நடுக் குளிர்காலம்; எங்கள் குளியல் தொட்டிக்குள் மகள் அபியின் ஸ்கீ சப்பாத்துகள் தண்ணீர் வடியக் கிடக்கும். சனிக்கிழமைகளில் இருட்டோடு எழும்பி அவளைப் பனிமலைக்கு ஏற்றிப் போகிறேன். அங்கே சிறுவர் ஸ்கீ கழகத்தில், போட்டிகளுக்கு முந்திய பயிற்சி. காற்று கன்னத்தில் அறைகிறது. பிள்ளைகளோ அந்தக் காற்றுக்குள் நின்று ஐஸ்கிறீம் தின்கிறார்கள்.

ஒருத்தி மேல் எனக்கு வந்த வன்மம், அபி காலில் பூட்டிச் சறுக்குகிற புது ஸ்கீப் பலகைகளில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று, சில்லுகளுக்குச் சந்தனம் தடவி, அவற்றின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். ஓடுகிற இடத்துக்குத்தானே காப்பு வேண்டும்? அந்த நினைப்பில், ஸ்கீயின் மேலே ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பனியில் வழுக்குகிற அடிப்பக்கத்தில் தாராளமாகச் சந்தனம் பூசிவிட்டேன். பயிற்சியாளர் மெழுகு தேய்த்து வைத்திருந்த அடி அது. சரிவில் ஸ்கீ பனியைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை முகங்குப்புற விழுந்தாள்.

கழகத்துப் பெற்றோரில் எதற்கும் முன்னுக்கு நிற்பவள் ஹெதர். அவள் மகள் மியாவுக்கு அபியின் வயதுதான். ஹெதர் என் தோளில் கைவைத்து, அபிக்கு வெயில் நாட்டு விளையாட்டு ஏதாவது பொருந்தும் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்து, "தாங்க் யூ, தாங்க் யூ" என்றேன். சுற்றி நின்றவர்கள் வேறுபக்கம் பார்த்தார்கள். காரில் வைத்து அபிதான் விளக்கினாள்.

"அம்மா, ஷீ வாஸ் பீயிங் மீன்."

அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். என்னை இளக்காரம் செய்துவிட்டு, என் வாயாலேயே நன்றி சொல்ல வைத்துவிட்டாளே! கழகத்தில் பெற்றோர் ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். எனக்கு எப்போதும் சொசேஜ் சுடுகிற வேலை. அதை உதறிவிட்டு, கம்பங்களைக் கவனிக்கிற வேலையைக் கேட்டு வாங்கினேன். நட்டிருக்கும் கம்பங்களுக்கு இடையால் பிள்ளைகள் சரியாகப் போகிறார்களா என்று சரிவோரம் நின்று பார்க்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த ஓட்டம் செல்லாது. விதிகளை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டு, மியா தவறுகிற நாளுக்காகக் காத்திருந்தேன்.

கடைசிப் பயிற்சியன்று ஒரே மூடுபனி. போட்டிக் குழுவில் ஓர் இடம்தான் மிச்சம். அபிக்கு, இல்லாவிட்டால் மியாவுக்கு. மியா வேகமாக வந்தாள். என் கம்பத்தடியில் அவளுடைய ஒரு ஸ்கீ வெளிப்பக்கமாகப் போனது. என்னைத் தவிர யாரும் காணவில்லை. தவறு என்று கையை உயர்த்தினேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல!

ஹெதர் ஓடிவந்தாள். "ஆர் யூ ஷுவர்?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு அவள் தோளில் கைவைத்து, மியாவுக்கு வெயில் நாட்டு விளையாட்டு பொருந்தும் என்று அவளுடைய ஆங்கிலத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். மியா பக்கத்தில்தான் நின்றாள். அவள் அழத் தொடங்க, அபி போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இடம் உனக்குத்தான் பிள்ளை. நான் கண்டதைத்தானே சொன்னனான்?"

"கம்பத்தைத் தவறவிட்டதைச் சொன்னது ஓகே, அம்மா. மியா உங்களுக்கு என்ன செய்தவ?" அபி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் அவையின்ர கார்ல வாறன்."

மலையிறக்கம் முழுக்க ஹெதரின் காருக்குப் பின்னால் போனேன். அதன் பின்கதவில் இரண்டு சோடி ஸ்கீகள் ஒரே பட்டியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஹெதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஒரு வளைவில் என் கார் வெளிச்சம் அபியின் ஸ்கீயில் விழுந்தது. நான் வைத்த குங்குமம் எப்போதோ பனியில் கரைந்துபோயிருந்தது. அதே இடத்தில் அபி, எனக்குச் சொல்லாமல், சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் மியாவின் ஸ்கீயிலும் ஒன்று இருந்தது.